அயர்ன் மெய்டன் பொன்விழாப் பயணம்: புதியவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

அயர்ன் மெய்டன் குழுவின் ஐம்பதாம் ஆண்டுக் கச்சேரிப் பயணம் 2025 மே 27 அன்று ஹங்கேரியின் புடாபெஸ்டில் தொடங்கியது. பெயர் ‘ரன் ஃபார் யுவர் லைவ்ஸ்’. மெட்டல் இசைப் பக்கமே எட்டிப் பார்க்காதவர்கள்கூட அதன் வீடியோத் துண்டுகளைப் பார்த்துவிட்டு, “இந்தத் தாத்தாக்கள் யார், எப்படி இப்படி ஓடுகிறார்கள்?” என்று கேட்கிறார்கள். அப்படி வந்த கேள்விகளை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன்.

யார் இவர்கள்? சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

கிழக்கு லண்டனில் பிறந்த ஹெவி மெட்டல் குழு. பேஸ் கிட்டார் வாசிக்கும் ஸ்டீவ் ஹாரிஸ் 1975 கிறிஸ்துமஸ் அன்று தொடங்கினார். முதலாளி, முக்கியப் பாடலாசிரியர், கடைசி வார்த்தை எல்லாம் அவர்தான். டேவ் மர்ரே, ஏட்ரியன் ஸ்மித், யானிக் கெர்ஸ் என்று மூன்று கிட்டார். பாடுபவர் புரூஸ் டிக்கின்சன். டிரம்ஸில் 2025 முதல் சைமன் டாசன்.

பயணம் தொடங்கிய நாளில் ஸ்டீவுக்கு 69 வயது. மூன்று கிட்டார்காரர்களுக்கும் 68. அந்த ஐவரில் கடைக்குட்டி புரூஸ், அவருக்கு 66.

ஐம்பது வருடமும் இதே ஆட்களா?

இல்லை. முதல் நாளிலிருந்து இருப்பவர் ஸ்டீவ் மட்டும்தான். டேவ் மர்ரே 1976 வாக்கில் வந்தார், இடையில் கொஞ்ச காலம் வெளியே போய்த் திரும்பினார். முதல் இரண்டு ஆல்பங்களில் பாடியவர் பால் டியானோ. அவர் 2024 அக்டோபரில் காலமானார். 1981இல் புரூஸ் வந்தார், 1993இல் போனார், 1999இல் ஏட்ரியனோடு சேர்ந்து திரும்பி வந்தார். இடைப்பட்ட ஆண்டுகளில் பிளேஸ் பெய்லி பாடினார்.

ஏட்ரியன் போன பிறகு அவர் இடத்துக்கு 1990இல் வந்தவர் யானிக். ஏட்ரியன் திரும்பியபோது, “சரி, நீ கிளம்பு” என்று யாரும் யானிக்கிடம் சொல்லவில்லை. அதனால்தான் மூன்று கிட்டார். ஒரு குழுவின் குணத்தை இந்த மாதிரி விஷயத்தில்தான் பார்க்க வேண்டும் என்பேன்.

வானொலியில் இவர்கள் பாட்டு வந்து நான் கேட்டதே இல்லையே. எப்படி இவ்வளவு பெரிய ஆட்கள் ஆனார்கள்?

கேள்வியிலேயே பாதிப் பதில் இருக்கிறது. மெய்டன் வானொலியால் வளர்ந்த குழு இல்லை. ஏழு நிமிடம், பதிமூன்று நிமிடம் ஓடும் பாட்டை எந்த நிலையம் போடும்? அதனால் ஊர் ஊராகப் போய் ஆளைப் பிடிப்பது ஒன்றுதான் வழி. மேலாளர் ராட் ஸ்மால்வுட்டும் ஸ்டீவும் ஆரம்பத்திலேயே அதை முடிவு செய்துவிட்டார்கள்.

அதன் உச்சம் 1984–85 பயணம். ஆகஸ்ட் 1984இல் போலந்தில் தொடங்கினார்கள். கம்யூனிச ஆட்சி நடந்த காலம். மேற்கத்திய ராக் குழு ஒன்று முழு மேடை அலங்காரத்தோடு அந்தப் பக்கம் போவதே அபூர்வம். அப்புறம் மேற்கு ஐரோப்பா, அமெரிக்கா, 1985 ஜனவரியில் பிரேசிலின் ராக் இன் ரியோ, ஜப்பான், ஆஸ்திரேலியா. ஏறக்குறைய பதினோரு மாதத்தில் 180க்கும் மேற்பட்ட கச்சேரிகள். முடித்தபோது புரூஸ் இசையையே விட்டுவிடலாமா என்று யோசிக்கும் அளவுக்குச் சோர்ந்து போயிருந்தார்.

பழைய நாடகக் கம்பெனிகள் படுதாவையும் ரதத்தையும் ரயிலில் ஏற்றிக்கொண்டு ஊர் ஊராகப் போனதை நினைத்துக்கொள்ளுங்கள். மெய்டன் அதே இனம்தான். பாட்டுக்குப் பாட்டு பின்னால் தொங்கும் ஓவியத் திரை மாறும், பாடகர் உடை மாறும், நடுவில் பூதம் ஒன்று வந்து போகும். ஒலித்தட்டு இவர்களுக்கு நோட்டீஸ் மாதிரி. சரக்கு மேடையில்தான்.

வயதான பிறகும் ஏன் நிறுத்தவில்லை என்பதற்கும் இதுவே பதில் என்று நினைக்கிறேன். வானொலியில் நிலைத்த ஒரு பாட்டை வைத்துக்கொண்டு வீட்டில் உட்கார்ந்திருக்கலாம். மேடையால் நின்ற குழு மேடையை விட்டால் அதோடு முடிந்தது.

அறுபது தாண்டி இரண்டு மணி நேரம் எப்படித் தாக்குப்பிடிக்கிறார்கள்?

முதல் காரணம் கால அட்டவணை. 80களில் ஒரே வாரத்தில் நான்கைந்து ஊர் பார்ப்பார்கள். 2025 ஐரோப்பியப் பயணத்தில் பெரும்பாலும் ஒரு கச்சேரிக்கும் அடுத்ததற்கும் நடுவே ஓரிரு நாள் ஓய்வு இருந்தது. தொண்டைக்கும் மணிக்கட்டுக்கும் அந்த நாட்கள்தான் மருந்து.

இரண்டாவது, வேலையைப் பங்கு போட்டுக்கொள்வது. மூன்று கிட்டார் இருப்பதால் சோலோக்கள், அதாவது தனி வாசிப்புகள், கைமாறும். டேவ் ஒரு மூலையில் சிரித்தபடி நின்று வாசிப்பார். யானிக் கிட்டாரைத் தூக்கிப் போட்டுப் பிடித்து, காலை ஒலிபெருக்கிமேல் தூக்கி வைத்து, இருவருக்குமாகச் சேர்த்து ஆடிவிடுவார்.

ஸ்டீவ் மட்டும் விதிவிலக்கு. பேஸை பிக் (தந்தி மீட்டும் சின்னத் தகடு) இல்லாமல் விரலால் வாசிப்பவர். ‘கேலப்’ என்று ரசிகர்கள் சொல்லும் அந்தக் குதிரைப் பாய்ச்சல் தாளத்தை விரலால் இரண்டு மணி நேரம் வாசிப்பது இருபது வயதுக்காரருக்கே கை வலிக்கும் வேலை. அவர் நடுநடுவே மேடையின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் ஓடிக்கொண்டே வாசிக்கிறார். ஒரு காலை மேடை விளிம்பில் இருக்கும் மானிட்டர் ஒலிபெருக்கிமேல் வைத்து, பேஸைத் துப்பாக்கி மாதிரி கூட்டத்தை நோக்கி நீட்டும் பழக்கமும் அப்படியே இருக்கிறது.

புரூஸுக்குத் தொண்டையில் புற்றுநோய் வந்தது உண்மையா?

உண்மை. நாக்கின் அடிப்பக்கத்தில் கட்டி, கழுத்து நிணநீர்க் கணுவில் இன்னொன்று. 2014 கடைசியில் பாரிஸில் ஆல்பம் பதிவு முடிகிற நேரத்தில் கண்டுபிடித்தார்கள். அப்படியானால் அந்த ஆல்பத்தை அவர் கட்டியோடுதான் பாடியிருக்கிறார். அதன் கடைசிப் பாட்டு பதினெட்டு நிமிடம். 1930இல் விழுந்து எரிந்த ஆர்101 ஆகாயக் கப்பலைப் பற்றி அவரே பியானோவில் உட்கார்ந்து எழுதியது.

கதிர்வீச்சும் கீமோவும் முடிந்து 2015 மே மாதம் குணமாகிவிட்டது என்று அறிவித்தார்கள். உடனே மேடை ஏறவில்லை, அதுதான் புத்திசாலித்தனம். குரல் தானாகத் திரும்பி வரட்டும் என்று காத்திருந்தார்கள். ஆல்பம் செப்டம்பரில் வெளிவந்தது, பயணம் 2016 பிப்ரவரியில் ஃபுளோரிடாவில்தான் தொடங்கியது. பிறகு இடுப்பு மூட்டு மாற்று அறுவையும் நடந்தது. அதற்கப்புறமும் மேடையில் வாள் சுழற்றிக்கொண்டு ஓடுகிறார்.

இப்போதைய குரல் 1982 குரலா? இல்லை. மேல் ஸ்தாயியில் கொஞ்சம் தடிமன் ஏறியிருக்கிறது, சில உச்ச வரிகளைக் கூட்டத்திடம் விட்டுவிடுகிறார். ஆனால் சுருதியை ஏகமாக இறக்கிக்கொண்டு பாடும் வழக்கம் இந்தக் குழுவில் இல்லை. அந்த வகையில் பல சமவயதுக்காரர்களைவிட இவர் தன்னைக் கடுமையாகச் சோதித்துக்கொள்கிறார்.

நிக்கோ மெக்பிரெயின் ஏன் இல்லை?

இந்தப் பயணத்தைப் பற்றிப் பேசினால் இதைத் தாண்டிப் போக முடியாது. 1982 கடைசியிலிருந்து 42 ஆண்டுகள் டிரம்ஸ் வாசித்தவர். மலை மாதிரி டிரம்ஸ் அடுக்குக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பார், முன்னால் இருப்பவர்களுக்கு முகமே தெரியாது. சமகால மெட்டல்காரர்கள் பலர் இரட்டை பெடலில் ஓட்டும் வேகத்தை ஒற்றை பெடலில், அதுவும் வெறுங்காலில் வாசித்தவர்.

2023 ஜனவரியில் பக்கவாதம் வந்தது. அப்போது அவருக்கு 70. தோளிலிருந்து கீழே வலப்பக்கம் செயலிழந்தது. மே மாதம் பயணம் காத்திருந்தது. சிகிச்சை, பயிற்சி, ஒத்திகை என்று போய், மே கடைசியில் ஸ்லோவேனியாவில் மேடை ஏறிவிட்டார். நடந்ததை அந்த ஆகஸ்ட் மாதம்தான் வெளியே சொன்னார்.

சொன்ன பிறகு அந்தப் பயணத்தின் வீடியோக்களைத் திரும்பப் பார்த்தால் புரியும். வேகமான சில உருட்டல்களை எளிமையாக்கியிருந்தார், சில பாட்டுகளில் தாளம் லேசாக இறங்கியிருந்தது. மற்ற ஐவரும் அதற்கேற்பத் தங்களைச் சரிசெய்துகொண்டு ஒன்றரை ஆண்டு வாசித்தார்கள். ‘வேகம் குறைந்துவிட்டது’ என்று முன்பு எழுதியவர்கள் பலர் பிறகு சத்தமில்லாமல் அழித்தார்கள்.

2024 டிசம்பர் 7 அன்று பிரேசிலின் சாவோ பாவ்லோவில் நடந்த கச்சேரியோடு பயணங்களிலிருந்து விலகுவதாக அன்றைக்கே அறிவித்தார். குழுவின் குடும்பத்தில் ஒருவராகத் தொடர்வதாகவும் சொன்னார். வழியனுப்ப தென் அமெரிக்காவைவிடப் பொருத்தமான இடம் கிடைத்திருக்காது. கிட்டாரின் சோலோவைக்கூட வாயால் பாடும் கூட்டம் அது.

புதிய டிரம்மர் எப்படி?

சைமன் டாசன், ஸ்டீவின் இன்னொரு குழுவான பிரிட்டிஷ் லயனில் பல ஆண்டுகள் வாசித்தவர். ஸ்டீவின் விரல் எந்த இடத்தில் முந்தும், எங்கே இழுக்கும் என்பது அவருக்குப் பழக்கம். பேஸும் டிரம்ஸும் ஒட்டவில்லை என்றால் மெய்டன் பாட்டு எதுவும் நிற்காது. அதனால் பிரபலமான பெயரைத் தேடாமல் தெரிந்த கையை எடுத்துக்கொண்டார்கள். நிக்கோவின் துள்ளல் இவரிடம் இல்லை. ஆனால் அடி சுத்தம், பாட்டை நிதானமாகப் பிடித்துவைக்கிறார். முதல் ஆல்பங்களின் டிரம்மர் கிளைவ் பர் வாசித்த பாட்டுகள் இவர் கையில் நன்றாகவே உட்காருகின்றன.

பழைய பாட்டுகளை மட்டும்தான் வாசிக்கிறார்களாமே?

ஆமாம். 1980இலிருந்து 1992 வரை வந்த முதல் ஒன்பது ஆல்பங்கள் மட்டும். வழக்கமாக மெய்டன் இந்த விஷயத்தில் பிடிவாதம் பிடிக்கும் குழு. 2006இல் புதிய ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை அப்படியே மேடையில் வாசித்தார்கள். ஹிட் பாட்டு கேட்க வந்தவர்கள் முணுமுணுத்தார்கள், இவர்கள் கண்டுகொள்ளவில்லை. ஆகவே பொன்விழாவுக்கு மட்டும் பழைய பெட்டியைத் திறந்ததில் தப்பில்லை.

தேர்வும் சோம்பேறித்தனமாக இல்லை. தொடக்கத்திலேயே பால் டியானோ காலப் பாட்டுகள் வரிசையாக வருகின்றன. 1984 ஆல்பத்தின் பதிமூன்று நிமிடப் பாட்டு, ஆங்கிலக் கவிஞர் கோல்ரிட்ஜின் பழைய மாலுமிக் கவிதையிலிருந்து எடுத்தது, 2009க்குப் பிறகு முதல் முறையாக மேடைக்கு வந்தது. நடுவில் பாட்டே நின்றுபோய் மரக்கப்பல் கிறீச்சிடும் சத்தம் மட்டும் கேட்கும் பகுதி உண்டு. அரங்கத்தில் பல்லாயிரம் பேர் நிற்கும்போது அந்த அமைதியை நம்பி ஒரு பாட்டை வைப்பதற்கு நெஞ்சுரம் வேண்டும்.

குறை சொல்ல வேண்டுமென்றால், 1999க்குப் பிந்திய ஆல்பங்களில் இருக்கும் சில அருமையான பாட்டுகள் முழுக்க வெளியே போய்விட்டன. எனக்கு அதில் வருத்தம்தான்.

போனில் படம் எடுக்கக் கூடாதாமே?

தடை இல்லை, வேண்டுகோள். பயணம் தொடங்கும் முன் ராட் ஸ்மால்வுட், போனைப் பையில் வைத்துவிட்டுக் கண்ணால் பாருங்கள் என்று கேட்டுக்கொண்டார். இந்த முறை பின்திரை பெரும்பாலும் பெரிய எல்.இ.டி. திரையாக மாறி, பாட்டுக்குப் பாட்டு புதுக் காட்சிகள் ஓடுகின்றன. முதல் நாளே எல்லாம் யூடியூபுக்குப் போய்விட்டால் அடுத்த ஊர்க்காரனுக்கு என்ன மிச்சம் என்பது அவர்கள் வாதம். நியாயம்தான். எல்லோரும் கேட்டார்களா? எனக்கு வீடியோ அனுப்பியவர்கள் கேட்கவில்லை என்பது மட்டும் தெரியும்.

அந்த எலும்புக்கூடு பூதம் யார்?

எடி. குழுவின் ஏழாவது ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆரம்பத்தில் பப் மேடையின் பின்னால் மாட்டிய வெறும் முகமூடி. பம்ப் வைத்து வாயிலிருந்து சிவப்புத் தண்ணீர் கொட்டவைப்பார்கள், அது டிரம்மர் தலையில் விழும். 1980இல் ஓவியர் டெரெக் ரிக்ஸ் வரைந்த உருவம் முதல் ஆல்பத்தின் அட்டையில் வந்ததிலிருந்து அவன் நிரந்தரமாகிவிட்டான். மம்மி, படைவீரன், சாமுராய் என்று ஆல்பத்துக்கு ஒரு வேஷம்.

மேடையில் ஆளுயரத்தைவிட உயரமாக நடந்து வந்து யானிக்கோடு சண்டை போடுவான். யானிக் அவன் கால் இடுக்கில் புகுந்து ஓடுவார். பயமுறுத்த வந்த பூதம் கடைசியில் குழந்தைகளுக்கு ரொம்பப் பிடித்துப்போய்விட்டது.

எடி இருப்பதால் இன்னொரு வசதி: இவர்கள் முகம் மூப்படைந்தாலும் டி-ஷர்ட்டில் இருக்கும் முகம் மூப்படைவதில்லை. வானொலி தராத வருமானத்தை அந்தச் சட்டைகள் தந்தன.

பாடகரே விமானம் ஓட்டினாராமே, கட்டுக்கதையா?

கட்டுக்கதை இல்லை. புரூஸ் அஸ்ட்ரேயஸ் என்ற பிரிட்டிஷ் நிறுவனத்தில் வேலை பார்த்த விமானி, கேப்டன் பதவி வரை போனவர். 2008 பயணத்துக்கு ஒரு போயிங் 757 விமானத்தை எடுத்து, பின்பக்க இருக்கைகளைக் கழற்றி, அங்கே சரக்கு ஏற்றும்படி மாற்றினார்கள். குழு, ஊழியர்கள், பன்னிரண்டு டன் அளவுக்கு மேடைச் சாமான் எல்லாம் ஒரே விமானத்தில். பெயர் ‘எட் ஃபோர்ஸ் ஒன்’. வாலில் எடி படம்.

இது விளம்பர வேலை மட்டும் இல்லை. சாமானைக் கப்பலில் அனுப்பினால் ஒரு கண்டத்திலிருந்து இன்னொன்றுக்குப் போக வாரக்கணக்கில் ஆகும், அதுவரை அத்தனை பேருக்கும் சும்மா சம்பளம். விமானம் இருந்ததால் இந்தியா, ஆஸ்திரேலியா, ஜப்பான், லத்தீன் அமெரிக்கா, வட அமெரிக்கா என்று 45 நாளில் 23 கச்சேரி போட முடிந்தது. பெரிய குழுக்கள் எட்டிப் பார்க்காத ஊர்களுக்கும் போக முடிந்தது.

2016இல் அதைவிடப் பெரிய போயிங் 747. அதை ஓட்டுவதற்கென்றே புரூஸ் தனியாகப் பயிற்சி எடுத்தார். அந்த மார்ச்சில் சிலியின் சாண்டியாகோவில், எரிபொருள் நிரப்ப இழுத்துச் சென்றபோது இழுவை வண்டியோடு மோதி இரண்டு எஞ்சின்கள் நொறுங்கின, தரைப் பணியாளர்கள் இருவர் காயமடைந்தார்கள். வேறு எஞ்சின் மாட்டி வரும்வரை வாடகை விமானங்களில் அலைந்து பயணத்தை நிறுத்தாமல் நடத்தினார்கள்.

இந்தியாவுக்கு வந்திருக்கிறார்களா?

மூன்று முறை. 2007 மார்ச் 17, பெங்களூரு அரண்மனை மைதானம். உச்சத்தில் இருக்கும் ஒரு பெரிய மெட்டல் குழு முழு மேடையோடு இந்தியா வந்தது அதுதான் முதல் தடவை என்றே சொல்லலாம். மெட்டாலிக்கா வந்தது 2011இல்தான். 2008 பிப்ரவரி 1 அன்று விமானப் பயணத்தின் முதல் கச்சேரியே மும்பையில். 2009 பிப்ரவரியில் திரும்பவும் பெங்களூரு.

சென்னைக்கும் கோவைக்கும் பெங்களூரு ஒரு ராத்திரி பஸ் தூரம். அதுவரை நகல் கேசட்டிலும் எம்பி3 சிடியிலும் மட்டும் கேட்டவர்களுக்கு அந்த மைதானம் என்னவாக இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. கருப்பு டி-ஷர்ட் போட்ட இவ்வளவு பேர் நம் பக்கத்தில் இருக்கிறார்களா என்று ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட நாள் என்று அன்று போனவர்கள் இன்றும் சொல்வார்கள்.

அதற்கப்புறம் 2025 வரை வரவில்லை. சொந்த விமானம் இல்லாத பயணத்தில் ஆசியாவுக்கு மேடையைக் கொண்டுவருவது செலவுக் கணக்கில் இடிக்கிறது என்பது என் ஊகம்.

சாத்தான் வழிபாடு என்று வீட்டில் சொல்கிறார்களே?

புதிய குற்றச்சாட்டு இல்லை. 1982இல் அமெரிக்காவில் மதக் குழுக்கள் இவர்கள் ஒலித்தட்டுகளை எரித்தன. 1992இல் சிலியில் கத்தோலிக்கத் திருச்சபையின் எதிர்ப்பால் கச்சேரியே ரத்தானது. பிறகு அதே சிலியில் அரங்கம் நிரம்ப வாசித்தார்கள்.

பாட்டு வரிகளைப் படித்தால் இருப்பதெல்லாம் போர்க்களம், சரித்திரம், பேய்க்கதை, பழைய கவிதை. 1854 கிரிமியப் போரின் குதிரைப்படைத் தாக்குதலைப் பற்றிய பாட்டுக்குப் புரூஸ் சிவப்புச் சீருடையில் கொடி வீசுவார். தூக்குமேடைக்குப் போகும் கைதியின் கடைசி மணி நேரம் இன்னொரு பாட்டு. பள்ளியில் சரித்திரம் பிடிக்காதவர்களுக்குச் சரித்திரம் பிடிக்கவைத்த குழு இது. மேடையில் கெட்ட வார்த்தை கொஞ்சம் வரும், அதை மறைக்க முடியாது.

இதுதான் கடைசிப் பயணமா?

விடைபெறும் பயணம் என்று அவர்கள் இதை அறிவிக்கவில்லை. இந்தத் துறையில் ‘கடைசி’ என்ற அறிவிப்பை அப்படியே நம்பவும் முடியாது. ஸ்கார்பியன்ஸ் 2010இல் விடைபெறுவதாகச் சொன்னார்கள், இன்னும் வாசிக்கிறார்கள். ஸ்லேயர் 2019இல் முடித்து 2024இல் திரும்பினார்கள். மாறாக, 2025 ஜூலை 5 அன்று பர்மிங்காமில் தன் பழைய குழுவான பிளாக் சபாத்தோடு பாடகர் ஓசி ஆஸ்பார்ன் சிம்மாசனத்தில் உட்கார்ந்தபடியே பாடினார். பதினேழு நாளில் காலமானார். அது உண்மையிலேயே கடைசியாகிவிட்டது.

லண்டன் கச்சேரியை மட்டும் ரசிகர்கள் ஏன் அவ்வளவு கொண்டாடினார்கள்?

2025 ஜூன் 28, லண்டன் ஸ்டேடியம். அது வெஸ்ட் ஹாம் கால்பந்து அணியின் மைதானம். ஸ்டீவ் சிறுவயதில் அந்த அணிக்கு ஆட ஆசைப்பட்டுப் பயிற்சிக்குப் போனவர், இன்றைக்கும் வெஸ்ட் ஹாம் வெறியர். அவர் பேஸிலேயே அணிச் சின்னம் இருக்கும். குழு தொடக்க காலத்தில் வாசித்த ‘கார்ட் அண்ட் ஹார்சஸ்’ பப் அங்கிருந்து நடந்தே போகும் தூரத்தில் ஸ்ட்ராட்ஃபோர்டில் இருக்கிறது. கால்பந்தாட்டக்காரனாக நுழைய முடியாத அணியின் மைதானத்தில் பேஸோடு நுழைந்துவிட்டார்.

நேரில் போகும் வாய்ப்பு கிடைத்தால் என்ன கவனிக்க வேண்டும்?

காதடைப்பான் எடுத்துப் போங்கள். மெழுகோ பஞ்சோ வேண்டாம், கச்சேரிக்கென்று விற்கும் வடிகட்டி வகை வாங்குங்கள். அதில் பாட்டு மங்காது, காதும் பிழைக்கும்.

ஒலிபெருக்கியில் யூஎஃப்ஓ குழுவின் ‘டாக்டர் டாக்டர்’ வந்தால் கழிவறை வரிசையிலிருந்து ஓடி வாருங்கள். அதுதான் இன்னும் சில நிமிடத்தில் மேடை ஏறுகிறோம் என்ற சைகை. முடிவில் மான்டி பைதான் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழுவின் பாட்டு போட்டால் என்கோர் (திரும்ப வந்து வாசிக்கும் கூடுதல் பாட்டு) இனி இல்லை, கிளம்பலாம்.

போகும் முன் எந்த ஆல்பங்களைக் கேட்கலாம்?

1982, 1983, 1984 ஆண்டுகளின் மூன்று ஆல்பங்களை அந்த வரிசையிலேயே கேளுங்கள். அப்புறம் 1988 ஆல்பம். கீபோர்டு சேர்ந்தது என்று அப்போது சிலர் முகம் சுளித்தார்கள், எனக்கு அவர்கள் செய்ததிலேயே அதுதான் முழுமையானது. பிறகு முதல் ஆல்பத்துக்குப் போங்கள், ஒலிப்பதிவு கரடுமுரடாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். 1990 ஆல்பத்தை இப்போதைக்குத் தள்ளிவைக்கலாம். நேரமே இல்லை என்றால், 1985இல் வந்த ‘லைவ் ஆஃப்டர் டெத்’ நேரடிப் பதிவு ஒன்று போதும். கலிஃபோர்னியாவின் லாங் பீச்சிலும் லண்டனிலும் பதிவானது. சத்தத்தைக் கூட்டி வைத்துக் கேளுங்கள்.